பழைய கிராமபோனின் டோன் ஆர்ம்: இறுக்கம், கசிவு, கோணம்

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் பெரியவர்கள் வைத்திருந்த, சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் ஒன்று இருக்கிறது. பாட்டு தொடக்கத்தில் ஒழுங்காகப் போகிறது. கடைசி மூன்றில் ஒரு பங்கு வந்ததும் ஊசி ஒரே வரியில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுகிறது. ஒலியிலும் பழைய கனம் இல்லை. டோன் ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, அதிகக் கனமாக இருப்பதே காரணம், பின்னால் எதிர் எடை கட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கட்டலாமா?

கட்ட வேண்டாம். எல்பி இசைத்தட்டு ஓட்டியவர்களின் பழக்கம் அது, கிராமபோனுக்குப் பொருந்தாது. மின்சார டர்ன்டேபிளில் டோன் ஆர்மின் வேலை ஊசியைத் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான். ஒலி மின்கம்பி வழியாக ஆம்ப்ளிபயருக்குப் போய்விடும். கிராமபோனில் அப்படி எதுவும் கிடையாது. பள்ளத்தின் வளைவுகள் ஊசியை ஆட்டுகின்றன, ஊசி, தன்னைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸ் என்ற வட்டப் பெட்டியில் உள்ள டயாபிரத்தை (மெல்லிய அதிர்தகட்டை) ஆட்டுகிறது, அங்கே அதிரும் காற்று டோன் ஆர்மின் உட்குழல் வழியாகவே ஹாரன் என்ற ஒலிக்கூம்புக்குப் போகிறது. காதில் விழும் அவ்வளவு ஒலிக்கும் வேண்டிய சக்தி அந்தச் சின்ன ஊசிமுனையில் இருந்துதான் வர வேண்டும். அதனால்தான் எல்பி ஊசி இரண்டு கிராம் அளவில் அழுத்துமிடத்தில், இங்கே 100 முதல் 150 கிராம் வரை அழுத்துகிறது. எடையைக் குறைத்தால், உரத்த இடங்களில் ஊசி பள்ளத்தின் சுவரோடு ஒட்டி ஓடாமல் துள்ளும். துள்ளும் உருக்கு ஊசி அரக்குத் தட்டுக்குச் செய்யும் கெடுதல், கனமாக அழுத்தி ஓடும் ஊசி செய்வதைவிட அதிகம்.

டோன் ஆர்ம் எதற்காக வந்தது என்று தெரிந்தால் பழுது பார்ப்பதும் எளிதாகிவிடும். தொடக்க கால இயந்திரங்களில் சவுண்ட் பாக்ஸ் நேராக ஹாரனின் நுனியில் இருந்தது. மெல்லிய பள்ளம் முழு ஹாரனையும் இழுத்துக்கொண்டு உள்நோக்கி நகர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் விக்டர் நிறுவனத்தின் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1903 வாக்கில், சவுண்ட் பாக்ஸ் பக்கம் குறுகி ஹாரன் பக்கம் அகலும் குழாய்க் கையைக் கொண்டுவந்தார். ஹாரன் தன் இடத்தில் நின்றது, கை மட்டும் நகர்ந்தது. கை அகன்றுகொண்டே போவதால் ஹாரன் அங்கிருந்தே தொடங்கிவிட்டது என்றும் சொல்லலாம். ஆக, அது ஒரே நேரத்தில் கீலும் குழாயும். கீல் இறுகினால் ஊசி மாட்டும், குழாய் கசிந்தால் ஒலி மெலியும். உங்கள் கிராமபோனில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஊசி மாட்டிக்கொள்வதைப் பார்ப்போம். வேறு இரண்டு இசைத்தட்டுகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டில் மட்டும் மாட்டினால் குற்றம் அந்தத் தட்டின் கீறலில். எந்தத் தட்டைப் போட்டாலும் நடுமுளையிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் மாட்டினால் குற்றம் கையில். பிறகு சுழல்மேடை மேல் ரசமட்டம் வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பெட்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்த்து, தேவையானால் கால்களுக்கு அடியில் அட்டை கொடுங்கள். ஊசியைக் கழற்றிவிட்டு, சவுண்ட் பாக்ஸை மேலே மடக்கி, ஒற்றை விரலால் கையை வெளி ஓரத்திலிருந்து நடுமுளை வரை மெல்லத் தள்ளுங்கள். வழி முழுக்க ஒரே இலகுவோடு போக வேண்டும். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் ஓடினால் மட்டம் இன்னும் சரியில்லை, அல்லது கையைப் பெட்டியோடு பிடித்திருக்கும் அடித்தாங்கி சாய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் விரலுக்குத் தடை தெரிந்தால் அதுதான் நாம் தேடுவது.

கடைசிப் பகுதியில் மட்டும் தடை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தானியங்கி பிரேக்கை. பல இயந்திரங்களில், பாட்டு முடியும் தறுவாயில் கை ஒரு நெம்பைத் தள்ளும். நெம்பு, பிடித்துவைத்திருந்த பிரேக்கை விடுவிக்கும், பிரேக் சுழல்மேடையை நிறுத்தும். அந்த நெம்பின் அச்சில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டால், அதைத் தள்ளும் வேலையும் பள்ளத்தின் தலையில் விழும். பள்ளத்தால் முடியாதபோது ஊசி பழைய வரிக்கே திரும்பிவிடும். நெம்பை இணைப்பிலிருந்து விலக்கிவிட்டு அதே தட்டை ஓட்டுங்கள். பாட்டு தடையில்லாமல் முடிந்தால் டோன் ஆர்மைத் தொடவே வேண்டாம். அச்சைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

வெளியே ஹாரன் வைத்த மாதிரியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹாரனின் வளைகுழாய் பின்தாங்கியில் உட்காரும் இடத்திற்கு மிக அருகில்தான் கையின் கீல் இருக்கிறது. தாங்கி ஸ்குரூக்கள் தளர்ந்திருந்தால் ஹாரனின் பாரம் மொத்தமும் கையின் மேல் சாயும். ஹாரனை எடுத்துவிட்டுக் கையை ஆட்டிப் பாருங்கள். இலகுவாகிவிட்டால் காரணம் புரிந்துவிடும்.

இவை இரண்டும் இல்லையென்றால் கீலைத் திறக்க வேண்டியதுதான். மூன்று வகை அதிகம் காணக் கிடைக்கும். மேலும் கீழும் கூர்முனை ஸ்குரூக்களில் கை தொங்குவது ஒன்று. சின்னக் குண்டுகள் வைத்த பேரிங்கில் சுழல்வது இன்னொன்று. ஒரு குழாய் மற்றொன்றுக்குள் நுழைந்து உரசிச் சுழல்வது மூன்றாவது. கையடக்கப் பெட்டி மாதிரிகள் பலவற்றில் இதுதான். குண்டு பேரிங்கானால் விளிம்புள்ள தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறங்கள். குண்டுகள் தனித்தனியாகக் கிடப்பதுண்டு, கையைத் தூக்கியதும் உருண்டோடும். உள்ளே பழைய கிரீஸ் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போல உறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மரக்குச்சியால் வழியுங்கள். கத்தி முனை வேண்டாம், பித்தளையில் அது போடும் கோடு பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் உரசும். நன்றாக உலர்ந்த பின் வாசலின் அல்லது மென்மையான வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தையல் இயந்திர எண்ணெய் இங்கே உதவாது. அது வழிந்து கீழே போய்விடும், ரப்பரில் பட்டால் ரப்பர் கெடும். கிரீஸ் நின்ற இடத்தில் நிற்கும், இணைப்பில் உள்ள மெல்லிய இடைவெளியையும் அடைக்கும். இங்கே கிரீஸுக்கு இரண்டு வேலை.

கூர்முனை ஸ்குரூ வகையைத் திரும்பப் பொருத்தும்போதுதான் பொறுமை தேவை. கை இறுகத் தொடங்குவது விரலுக்குத் தெரியும் வரை மேல் ஸ்குரூவைத் திருகுங்கள். பிறகு அரைக்கால் சுற்று பின்வாங்குங்கள். பூட்டு நட்டை முடுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். எனவே ஸ்குரூவை ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்க வேண்டும். முடித்ததும் கையின் நுனியை மேலும் கீழும் லேசாக அசையுங்கள். 'டிக்' என்று மெல்லிய தட்டல் விரலில் உணரப்பட்டால் இன்னும் தளர்ச்சி இருக்கிறது. பாட்டில் அது கரகரப்பாக வரும். தட்டலும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் ஓர் இடம் உண்டு. அது கிடைக்கும் வரை மாற்றி மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

அன்னக்கழுத்து போல வளைந்த முன்பகுதி உள்ள கைகளில் இரண்டாவது கீல் ஒன்றும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பெரிய கை பக்கவாட்டில் மட்டும் நகரும். மேலும் கீழும் அசைவது வளைகழுத்து மட்டும்தான். ஊசி மாற்ற நீங்கள் சவுண்ட் பாக்ஸை மேலே மடக்குவதும் இந்தக் கீலில்தான். ஆக, ஊசியின் மேல் உட்காரும் எடை பெரும்பாலும் கழுத்தும் சவுண்ட் பாக்ஸும் மட்டுமே. இந்தக் கீல் இறுகினால், நெளிந்த இசைத்தட்டின் மேட்டில் ஏறிய ஊசி பள்ளத்தில் இறங்கத் தாமதிக்கும், வரி தாவும். எடை சரியா என்று அறிய, இசைத்தட்டின் உயரத்திற்கு ஒரு சிறிய தராசை வைத்து அதன் மேல் ஊசியை இறக்கிப் பாருங்கள். 100 கிராமுக்கு மிகவும் கீழே காட்டினால், ஒன்று அந்தக் கீல் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ வேறு இயந்திரத்தின் சவுண்ட் பாக்ஸை மாட்டியிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கை அசையவே மறுத்தால் முறுக்காதீர்கள். 1920களில் பல கைகளும் அடித்தாங்கிகளும் சவுண்ட் பாக்ஸ்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டன. அக்காலக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சிறிதளவு சேர்ந்திருந்தாலும், ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கும். உலோகம் உப்பும், முலாம் கொப்புளிக்கும், சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல்கள் ஓடும். அப்படி உப்பிய அடித்தாங்கி, உள்ளே இருக்கும் குழாயைக் கவ்விக்கொள்ளும். இதற்கு மருந்தில்லை. முடி உலர்த்தியின் வெப்பத்தை மிதமாகக் காட்டி, துருநீக்கி எண்ணெயைச் சொட்டவிட்டு, ஒரு நாள் பொறுத்து, வெறும் கையால் முயலலாம். இடுக்கி பிடித்தால் பிஸ்கட் மாதிரி உடைந்துவிடும். பித்தளைக் குழாயால் ஆன கைகளுக்கு இந்த நோய் இல்லை.

இனி ஒலி மெலிந்தது பற்றி. கையில் கசிவு எங்கும் வரலாம்: சவுண்ட் பாக்ஸ் கையோடு சேருமிடம், வளைகழுத்துக் கீல், அடித்தாங்கி, ஹாரன் உட்காருமிடம். கசிவு முதலில் விழுங்குவது தாழ்ந்த சுரங்களைத்தான். அதனால் ஒலியின் அளவு அவ்வளவாகக் குறையாமலே, மூக்கால் பாடுவது போல மெல்லியதாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: ஹாரனைக் கழற்ற முடிகிற மாதிரியானால், சவுண்ட் பாக்ஸையும் எடுத்துவிட்டு, கையின் நுனியைக் கட்டைவிரலால் மூடி, மறுமுனையில் ரப்பர் குழாய் வைத்து மெல்ல ஊதுங்கள். ஈர விரலை இணைப்புகளின் ஓரமாக ஓட்டினால் காற்று படும். ஹாரன் பெட்டிக்குள்ளேயே இருக்கும் மாதிரிகளில் இது முடியாது. அங்கே, பாட்டு ஓடும்போதே அசையாத இணைப்புகளைச் சுற்றி ஒவ்வொன்றாகக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தியதும் தாழ்சுரம் திரும்புகிறதோ அங்கே கசிவு. அசையும் கீல்களில் களிமண் வைக்கக் கூடாது, அங்கே கிரீஸ் மட்டும்.

1925இல் வந்த, விக்டர் நிறுவனத்தின் ஆர்த்தோபோனிக் இயந்திரங்களில் கசிவு இன்னும் பெரிய குற்றம். மேக்ஸ்பீல்ட், ஹாரிசன் என்ற பொறியாளர்கள் செய்த ஆய்வின்படி, டயாபிரத்திலிருந்து ஹாரனின் வாய் வரை ஒரே கணக்கில் விரியும் பாதையாக அவை அமைக்கப்பட்டன. ஹாரன் மிக நீளம், அதன் அருமையே தாழ்சுரத்தில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அந்த அருமை போய்விடும்.

பெரும்பாலான கிராமபோன்களில் கசிவு சவுண்ட் பாக்ஸின் பின்பக்க ரப்பரில்தான் இருக்கும். கையின் நுனியைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்த ரப்பர் வளையம் காலப்போக்கில் கல்லாகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாவிட்டால் மாற்றுங்கள். இறுகிய ரப்பர் காற்றை விடுவதோடு, உலோக அதிர்வைக் கைக்குக் கடத்தி 'கிர்ர்' என்ற உபரி ஓசையையும் சேர்க்கும். டயாபிரத்தின் இருபுறமும் உள்ள ரப்பர் வளையங்களுக்கும் இதே கதைதான். திறக்கும்போது, மைக்கா (அபிரகம்) டயாபிரம் என்றால் விளிம்பைப் பிடித்து எடுங்கள், இல்லாவிட்டால் ஏடு ஏடாகப் பிரியும். திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நடு ஸ்குரூ போடும் முன், ஊசியின் அசைவை டயாபிரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான ஊசிக்காலின் நுனி டயாபிரத்தின் நடுத் துளைக்கு நேராக, அதை அழுத்தாமலும் விட்டு விலகாமலும் நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் ஊசிக்காலின் ஸ்பிரிங் ஸ்குரூக்களைச் சரிசெய்து நிறுத்துங்கள். டயாபிரத்தை இழுத்துப் பிடித்து ஸ்குரூவை முடுக்கினால் ஒலி எப்போதும் கீச்சிடும். முடிவில் அந்த நடு ஸ்குரூவைச் சுற்றி உருகிய தேன்மெழுகு ஒரு சின்னச் சொட்டு விட்டால் அங்கேயும் காற்று போகாது.

கோணத்துக்கு வருவோம். முன்னால் குனிந்து, தட்டின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஊசி இடமோ வலமோ சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் தேயும். சவுண்ட் பாக்ஸைக் கையின் நுனியில் லேசாகத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். பள்ளமும் முளையுமாகப் பூட்டிக்கொள்ளும் வகை என்றால், இறுகிப்போன ரப்பரை மாற்றியதுமே பெரும்பாலும் தானாக நேராகிவிடும். பக்கவாட்டில் பார்க்கும்போது ஊசிக்கும் தட்டுக்கும் இடையே சுமார் 60 டிகிரி இருக்கட்டும். மிகவும் நிமிர்ந்தால் உழும், மிகவும் படுத்தால் ஒலி மங்கும்.

மூன்றாவது கோணம் மேலிருந்து பார்ப்பது. பக்கவாட்டு அதிர்வில் பதிந்த தட்டுகளில், டயாபிரத்தின் தளம் ஊசி நிற்கும் இடத்தில் பள்ளம் ஓடும் திசையோடு ஒத்துப் போக வேண்டும். ஓரிடத்தில் நிலைத்துச் சுழலும் கையால் இதை எல்லா வரியிலும் சாதிக்க முடியாது. 22 செ.மீ. நீளமுள்ள நேரான கை ஒன்றின் ஊசிமுனை சரியாக நடுமுளையில் விழும்படி பொருத்தப்பட்டிருந்தால், நடுவிலிருந்து 14 செ.மீ. தொலைவிலுள்ள வரியில் கோணம் ஏறக்குறைய 18.5 டிகிரி விலகும், 5 செ.மீ. தொலைவில் ஏறக்குறைய 6.5 டிகிரி. 1924இல் பெர்சி வில்சன் 'தி கிராமபோன்' இதழில் இந்தக் கணக்கை விரிவாக எழுதினார். சவுண்ட் பாக்ஸைச் சற்றுத் திருப்பிவைத்து, ஊசிமுனை நடுமுளையைக் கொஞ்சம் தாண்டி விழும்படி செய்தால் விலகல் மிகவும் குறையும் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய இயந்திரங்கள் பல இந்தக் கணக்கைப் பொருட்படுத்தாமலே செய்யப்பட்டவை.

அதற்காக அடித்தாங்கியை நகர்த்திப் புதுத் துளை போடாதீர்கள். நூறு ஆண்டுப் பழைய மரப்பெட்டியில் துளையிட்டுப் பெறும் சில டிகிரிகளுக்கு அந்த விலை தகாது. தாங்கி ஸ்குரூக்களின் துளைகளிலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் இருந்தால் அதற்குள் நகர்த்துங்கள். அதைவிட முக்கியம், இயந்திரத்தோடு வந்த சவுண்ட் பாக்ஸே அதில் இருப்பது. வேறொன்றை மாட்டினால் கையின் நீளமே மாறிவிடுகிறது, கோணமும் எடையும் கூடவே மாறுகின்றன.

ஊசியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உருக்கு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. அரக்குத் தட்டில் கலந்திருக்கும் கல்தூள் முதல் சில சுற்றுகளில் ஊசிமுனையைப் பள்ளத்தின் வடிவுக்குத் தேய்த்துவிடும். பக்கம் முடியும்போது அது உளிமுனையாகியிருக்கும். அதையே கழற்றித் திரும்பப் போட்டால் உளியின் விளிம்பு பள்ளத்தைச் செதுக்கும். சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல. மூங்கில் நார் ஊசியும் முள் ஊசியும் தட்டுக்கு நல்லவை, ஆனால் ஒலி குறைவு. எல்பியையும் வினைல் தட்டுகளையும் இந்த இயந்திரத்தின் அருகிலேயே வைக்காதீர்கள். 1940களுக்குப் பிந்தைய 78 தட்டுகளையும் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை) தவிர்ப்பது நல்லது. அவை இலகுவான மின்சார பிக்கப்புக்காக (ஒலியை மின்சாரமாக மாற்றும் ஊசித்தலைக்காக) செய்யப்பட்டவை, 120 கிராம் எடையைத் தாங்காமல் சீக்கிரம் சாம்பல் பூக்கும்.

மேலே சொன்ன எல்லாம் பக்கவாட்டுத் தட்டுகளுக்கு. எடிசனின் டயமண்ட் டிஸ்க் இயந்திரம் (1912 முதல் 1929 வரை) முற்றிலும் வேறு ஜாதி. அதில் பள்ளம் மேலும் கீழுமாக ஊசியை ஆட்டுகிறது, ஊசிமுனை வைரம், பள்ளத்தை நம்பாமல் பல்சக்கரமே ஹாரனை உள்நோக்கி நகர்த்துகிறது. அங்கே கை மாட்டிக்கொண்டால் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள எடிசன் தட்டில் உருக்கு ஊசியை இறக்கினால் தட்டு பாழ். எல்லா வகைத் தட்டையும் பாடவைக்கும் கைகளும் உண்டு. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் அல்ட்டோனா அவற்றில் பெயர் பெற்றது. அசையும் பாகங்கள் அதிகம் என்பதால் கசியும் இடங்களும் அதிகம்.

பழசு போலவே தோன்றும்படி புதிதாகச் செய்து விற்கப்படும் பளபளக்கும் பித்தளை ஹாரன் இயந்திரங்களும் உண்டு. அவற்றின் கை மெல்லிய தகட்டில் இருக்கும், கீல் எவ்வளவு சரிசெய்தாலும் ஆடும், ஊசிமுனை நடுமுளைக்கு எங்கோ விலகி விழும். உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தட்டுகளை அதில் ஓட்டாதீர்கள்.

வெளிப்புறத்தைத் துடைக்க மென்மையான துணியும் மிதமான சோப்புத் தண்ணீரும் போதும். நிக்கல் முலாம் மங்கியிருந்தால் பாலிஷை மிகக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். பொன்முலாம் பூசிய கைக்கு எந்தப் பாலிஷும் கூடாது, முலாம் அத்தனை மெல்லியது. உள்ளே ஒட்டடையோ பூச்சிக் கூடோ இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். ஒலி மெலிய அதுவும் ஒரு காரணம். அடிக்கடி ஓட்டுகிறீர்கள் என்றால் கீல்களின் கிரீஸை ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

நீண்ட நாள் மூடி வைக்கும்போது ஊசியைக் கழற்றிவிடுங்கள், சாவி முழுவதும் இறங்கும் வரை மோட்டாரை ஓடவிடுங்கள், கையை அதன் கொக்கியில் மாட்டுங்கள். இடம் மாற்றும்போது சவுண்ட் பாக்ஸைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு போவது உத்தமம். சுழல்மேடையையும் கழற்றிவிட்டால் வண்டியின் குலுக்கலில் கை அதன் மேல் மோதாது.

உங்கள் இயந்திரத்தில் நான் முதலில் தொடும் இடம் பிரேக் நெம்பு, அடுத்தது பின்பக்க ரப்பர். கீலைத் திறக்க வேண்டிய தேவை அதற்குப் பிறகுதான் வரும், ஒருவேளை வராமலே போகலாம்.